பக்கத்துக் கட்டில்காரன்

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த மொக்கைச்சாமியின் வெள்ளிக் காப்பை முழங்கைப் பக்கமாகத் தள்ளியது.

"ஏலே, கைய எடுறா!" என்று ராமுத்தாய் சீறினாள். கை கம்பளிக்குள் போய்விட்டது.

மலையில் அணை கட்டும் வேலைக்குப் போன அவள் புருஷன் மொக்கைச்சாமி குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்திருந்தான். மாட்டுவண்டியில் போட்டு இந்தக் கொட்டகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் கட்டிலில் கிடந்தது.

வாசல்வரை நோயாளிகள். கம்பவுண்டர் மிக்கேல் மட்டும் காலில் சக்கரம் கட்டியவன்போல் ஓடிக்கொண்டிருந்தான்.

"டாக்டரு எங்கய்யா?"

"இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒத்த டாக்டருதேன் ஆத்தா. இங்கனதேன் இருக்காக, பாத்துக்கிருவாக" என்று சொல்லிவிட்டு அடுத்த முனகலுக்கு ஓடினான்.

அவள் கண்ணுக்கு எந்த டாக்டரும் தட்டுப்படவில்லை. பக்கத்துக் கட்டில்காரன்தான் தட்டுப்பட்டான். முள்ளுத் தாடி, சிவந்த கண். வெடவெடவென்று நடுங்கினான், அதுவும் நடிப்போ என்று அவளுக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரியில் அசந்தால் அரைஞாண் கயிற்றைக்கூட உருவிவிடுவார்கள் என்று வண்டிக்காரன் எச்சரித்திருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற கூட்டம் எங்கேதான் இல்லை?

அவன் தொண்டையைச் செருமினான். "ஒம் புருஷன் தூங்குறானா? நெனவே இல்லையா?"

"ஒனக்கெதுக்கு?"

"கூட ஆம்பளை யாரும் வரலையா?"

கேள்வியெல்லாம் களவாணிக் கேள்வி. "எங்க அண்ணன்மாரு வெளிய நிக்காக" என்று பொய் சொன்னாள். அவன் பயந்ததாகத் தெரியவில்லை.

பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மோந்துகொண்டு அவள் திரும்பினால், அந்தக் கை மறுபடியும் வந்திருந்தது. இந்தத் தடவை மொக்கைச்சாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. உதடு வேறு ஏதோ முணுமுணுத்தது.

ராமுத்தாய் சொம்பாலேயே அந்தக் கையில் ஒன்று போட்டாள். "ஓடியாங்கய்யா! இந்தக் களவாணிப்பய காப்பைக் கழட்டுறான்! எம் புருஷன வேற கட்டிலுக்கு மாத்துங்க! டாக்டரக் கூப்பிடுங்க!"

மிக்கேல் மருந்துச் சீசாவோடு ஓடிவந்தான். அவளையும் பார்க்கவில்லை, மொக்கைச்சாமியையும் பார்க்கவில்லை. கம்பளிக்காரன் பக்கம் பணிவாகக் குனிந்தான்.

"இவருக்கு எம்புட்டுக் கொயினா மருந்து குடுக்க, டாக்டரய்யா?"