உப்புக்குப் பழகிய நாற்று

2024 ஜூலை 9. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைச் சீரமைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று, அந்த ஆற்றின் துணையாறு ஓடும் திண்டுக்கல்லில், நாற்றங்கால் பொறுப்பாளர் வேலைக்கு நேர்காணல் நடத்தியது.

கடைசியாக வந்தவர் சோலைமுத்து. இந்த வேலை கிடைக்காவிட்டால் அவர் மில் காவலாளியாகப் போக வேண்டும்.

“உப்புத் தண்ணிக்கு நாத்த எப்படிப் பழக்குவீங்க?” என்று கேட்டார் திட்ட அதிகாரி பவித்ரா.

“மொத வாரம் நல்ல தண்ணிம்மா. அப்புறம் கால் பங்கு உப்புத் தண்ணி, அப்புறம் பாதி. புது மருமகளப் பழக்குற மாதிரிதான், அவசரப்படக் கூடாது.”

“உப்பு கூடிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“காலையில மண்ணு வெள்ளையாப் பூத்துக் கெடக்கும்.”

“எந்தச் செடி முதல்ல பிழைக்கும்?”

“உமரிதான். மத்ததெல்லாம் வீம்புக்கு நட்டேன், அம்புட்டும் செத்துப்போச்சு.”

பவித்ராவுக்குத் திருப்தி. “எந்தக் கடற்கரையில வேலை பாத்தீங்க?”

“கடலா? நான் இன்னும் கடலப் பாத்ததே இல்லம்மா.”

“அப்ப இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்க வயல்லதான். பதினஞ்சு வருசமா தோல் பதனிடுற ஷாப்புக் கழிவு எங்க கெணத்துல எறங்குது. தக்காளி போச்சு, மல்லி போச்சு. உமரி மட்டும் நிக்குது.”

“அந்தக் கழிவு அப்புறம் எங்க போகுது?”

“ஆத்துக்குத்தான்.”

பவித்ரா எழுந்து, சுவரில் இருந்த ஆற்று வரைபடத்தில் திண்டுக்கல்லில் விரலை வைத்து முகத்துவாரம் வரை இழுத்துப் பார்த்தார்.

பதினைந்து நாளில் சோலைமுத்துவுக்கு வேலை உத்தரவு வந்தது. பணியிடம் என்ற இடத்தில் அவருடைய வயலின் சர்வே எண் இருந்தது.