வண்டியில் இடம்

புதுவாயல் கூட்டுரோட்டில் திரும்பும்போது வண்டியின் அச்சு முனகியது.

"நெல்லு மூட்ட கூட இந்தக் கனம் கனக்காது. உள்ள இன்னா பெரியவரே, கல்லா?" என்றான் வண்டிக்காரன் பச்சையப்பன்.

"புஸ்தகம்பா."

"இத்தினியும் படிச்சியா?"

"ம்."

"இத்தினி படிச்சும் ஊட்டக் காப்பாத்திக்க முடியலியே."

 தேசப்பன் புத்தகங்களை மூடியிருந்த தார்ப்பாயின் முனையை இழுத்துச் செருகினார்.

கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் அவர் கட்டிய வீடு, கம்பெனிக்கு எடுத்த நிலத்துக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

மகள் பொதட்டூர்பேட்டையில் இருக்கிறாள். ஒரே அறை. பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது.

'நீ மட்டும் வா நைனா' என்று எழுதியிருந்தாள்.

மட்டும் என்ற சொல்லை அவர் பல தடவை படித்தார்.

புத்தகங்கள் போக ஓர் இடம் இருந்தது. சாலமோன் வாத்தியார் வீடு.

அறுபதுகளில் அவர்கள் மூன்று பேராக இருந்தார்கள். சாலமோன், அருணாச்சலம், அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் கூடுவார்கள். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை கட்டுவார்கள்.

சாலமோன் அட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட தேசப்படத் துணி. வழவழப்பாக இருக்கும். தேசப்பன் அட்டைக்கு ரயிலுக்குக் காட்டி நைந்துபோன கொடித்துணி. அதிலும் பச்சைக்கொடி மட்டும்தான். சிவப்பில் கட்டினால் கதை பாதியில் நின்றுவிடும் என்பார்.

"தொட்டாலே சொரசொரன்னுது. இதுக்குள்ள ஒரு காதல் கதையா?" என்று சாலமோன் கிண்டல் செய்வார். செய்துகொண்டே தடவிக்கொண்டிருப்பார்.

ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள், அருணாச்சலத்தின் யோசனை. எவன் முந்திக் கண்ணை மூடுகிறானோ, அவன் புத்தகம் மற்றவர்கள் வீட்டுக்கு. பழைய பேப்பர்காரன் தராசில் ஒரு தாள்கூட ஏறக் கூடாது.

அருணாச்சலமே முந்தினார். அவர் புத்தகங்களை இருவரும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் சாகாமலே வீடு போய்விடும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சாலமோன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. தேசப்பன் இங்கே கடைசியாக வந்தது மழைக்காலத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு முட்டிவலி, வர முடியவில்லை.

"தேசப்பன் அண்ணன் வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள் சாலமோனின் மனைவி கிரேஸ்.

உள்ளே அலமாரிகள் காலியாக இருந்தன. சுவரோரம் புத்தகங்கள் அடைத்த தேயிலைப் பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக.

சாலமோன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையை நீட்டினார். கை வேறு பக்கம் நீண்டது.

"கார்டு கெடச்சிதா? கிரேஸுதான் எழுதுச்சு. எனக்கு எழுத்து தெரிய மாட்டேன்னுது. எழுத்து இன்னா, உன் மூஞ்சியே தெரியல, அது ஒண்ணுதான் லாபம்." சிரித்தார். "நாளைக்கு இந்த ரூமுக்குக் கம்பெனி ஆளுங்க குடி வராங்க. வர்ற வாடகையிலதான் இனிமே சோறு. என் புஸ்தகத்த எடுத்துக்கினு போவ வண்டியோட வான்னு எழுதச் சொன்னேன். மாட்டு மணி கேட்டதும் சொன்னேன், தேசப்பன்தான்னு. இல்ல கிரேஸ்?"

எந்தக் கார்டும் வரவில்லை. தேசப்பனின் காலியாகிவிட்ட தெருவுக்குள் தபால்காரரின் சைக்கிள் நுழைந்து பத்து நாளாகிறது.

தேசப்பனுக்கு உண்மை வாய்வரை வந்தது.

சாலமோன் அவருடைய தோளுக்கு அப்பால் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்குத்தான் வந்தேன் வாத்தியாரே" என்றார் தேசப்பன்.

பச்சையப்பன் வாயைத் திறந்தான். தேசப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவன் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினான்.

கிரேஸ் வாசலுக்கு வந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த வண்டியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

பெட்டிகளைத் தார்ப்பாயின் மேலேயே ஏற்றினார்கள். கடைசிப் பெட்டிக்கு மாடுகள் கால் மாற்றி நின்றன.

"ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்" என்று சாலமோன் கிரேஸின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பெட்டிகளைத் தடவினார். கை கீழே இறங்கியது. தார்ப்பாயின் மடிப்பு கையில் பட்டது. அதற்குள்ளும் கையை விட்டார்.

கை ஓரிடத்தில் நின்றது. பக்கவாட்டில் நகர்ந்தது. இன்னும் கீழே போய், மறுபடி நின்றது.

வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

தேசப்பன் கயிற்றை இறுக்கும் சாக்கில் மறுபக்கம் போய்விட்டார். சாலமோனின் குரல் மட்டும் கேட்டது.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போ தேசப்பா. இந்த ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

"எதுனா எடுத்துக்க."

வண்டி நகர்ந்தது. தெருமுனையில் பச்சையப்பன் மாட்டை நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் பெரியவரே?"

ஒரு பக்கம் இடிக்கப்போகிற வீடு. இன்னொரு பக்கம் தறிக்குப் பக்கத்தில் ஒரு பாய். எதிரே, ரோட்டோரம், பழைய பேப்பர்க் கடையின் தராசு.

"கேக்கறேன்ல, எந்தப் பக்கம்?"

தேசப்பன் திரும்பிப் பார்த்தார்.

சாலமோன் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு புத்தகத்தை மார்போடு பிடித்திருந்தார். கட்டைவிரல் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

அட்டை பச்சை.