வீட்டுச் சொல்

“அம்மா, என்னைக் காப்பாத்தும்மா! இவங்க அடிக்கிறாங்கம்மா!”

பேராசிரியையின் கைபேசியில் ஒரு பெண் குரல் கதறியது. வகுப்பறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியை மட்டும் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பயந்துட்டீங்களா? எனக்குப் பொண்ணே கிடையாது. ஒரே பையன். அவன் அழமாட்டான், என்னைத்தான் அழ வைப்பான். இது நேத்து நானே ஒரு ஆப்ல செஞ்ச குரல்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முயல் மட்டும் சிரிக்கவில்லை. கதவைப் படாரென்று சாத்தினால்கூடத் துள்ளி எழுவாள் என்பதால் வகுப்பு வைத்த பட்டப்பெயர் அது. வீட்டில் அம்மாவும் தம்பியும்தான். அந்த இரண்டு பேருக்கு ஒன்று என்றால் அவள் எதையும் யோசிக்க மாட்டாள்.

“போன வாரம் நம்ம காலேஜ்லயே ரெண்டு பேரு இப்படி ஏமாந்தாங்க. அதனாலதான் போனைப் பைக்குள்ள ஒளிச்சு வைக்காம மேசை மேல வைக்கச் சொன்னேன். இந்த ஒரு மணி நேரம் அதுதான் உங்க பாடப் புத்தகம். ஆளுக்கு ஒரு சொல் யோசிங்க, வீட்டுக்கு அனுப்புங்க. எவனாவது அழுதுகிட்டே கூப்பிட்டா முதல்ல அந்தச் சொல்லைக் கேளுங்க. சொல்லலையா, தயவு தாட்சண்யமே பார்க்காம கட் பண்ணுங்க.”

எல்லா விரல்களும் திரையில் ஓடின. “எங்க வீட்டுச் சொல் காலி சிலிண்டர். எங்கம்மா தூக்கத்துலகூட மறக்க மாட்டாங்க,” என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள்.

முயல் யோசித்து யோசித்து, ‘ஓட்டைக் குடை’ என்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அடித்தாள். போன மழைக்காலம் முழுக்க அவன் பிடித்துக்கொண்டு போன குடை. ஒற்றை டிக் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய கைபேசி மேசை மேல் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போடச் சொல்லி பேராசிரியை சைகை காட்டினார்.

“அக்கா! நான்தான்க்கா!” தம்பியின் குரல், அழுகையில் மூச்சு முட்டியது. “அம்மா வேலை செய்யுற இடத்துல மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம். ஓடி வர்றப்போ என் போன் விழுந்து உடைஞ்சிடுச்சு, இது வேற ஒருத்தரோடது. அம்மாவோட பழைய ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில உன் நம்பர்லதான் பதிஞ்சிருக்காம். எந்த ஊசி ஒத்துக்காதுன்னு பார்க்கணுமாம். உனக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சீக்கிரம் சொல்லுக்கா!”

திரையில் ஆறு இலக்கம் வந்து நின்றது. முயல் கைபேசியைக் கையில் எடுத்தாள். சொல்லிவிட வாயைத் திறந்தாள். பேராசிரியை உதட்டில் விரல் வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

“நம்ம... நம்ம வீட்டுச் சொல் என்ன?”

“என்ன சொல்லு? விளையாடுற நேரமாக்கா இது? ஊசி போடப் போறாங்க!”

“சொல்லைச் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் புரியலக்கா! அக்கா, உன் கால்ல விழறேன்க்கா...”

கண்ணை இறுக மூடிக்கொண்டு கட் பண்ணினாள். மறுபடி வராதபடி அந்த எண்ணை பிளாக்கும் பண்ணினாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. “முயல் புலியாயிடுச்சுடோய்!” என்று கடைசி பெஞ்சு கத்தியது. முயலின் முதுகெல்லாம் வியர்வை. ஆனாலும் தலைச்சுமையை இறக்கி வைத்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டு, லேசாகச் சிரித்தாள்.

“சபாஷ்! அழுகை, உடைஞ்ச போன், ஓ.டி.பி. அச்சு அசல் திருட்டுக் கூட்டத்தோட வேலை,” என்றார் பேராசிரியை. “ஆமா, அந்தச் சொல்லைத் தம்பிக்கு எப்போ சொல்லி வெச்சே? எல்லாரும் கேட்டுக்கட்டும்.”

முயல் கைபேசியைப் பார்த்தாள். அந்த ஒற்றை டிக் ஒற்றையாகவே நின்றிருந்தது. அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

“இப்பதான் மேடம்... இன்னும் அவனுக்குப் போய்ச் சேரவே இல்ல.”