தங்காத கடைசிப் பத்தி

"போச்சுங்க, மறுபடியும் போச்சு!" என்று மாடி அறையிலிருந்து அலறினாள் அவள். மூன்றாவது முறையாகத் திருத்தி எழுதிய நாவலின் கடைசிப் பத்தியைக் காணோம். அந்த இடத்தில் பழைய பத்தியே வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது. அவளுடைய மொழிபெயர்ப்பை வாங்கிப்போகப் பதிப்பாளர் பதினொரு மணிக்கு வருகிறார். மணி பத்தே முக்கால்.

மாடிக் கணினியையும் கூடத்துக் கணினியையும் இணையம் இல்லாமலே வயரால் இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும்படி செய்து கொடுத்தவர் அவள் கணவர். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். வயரைப் பிடுங்கிச் செருகினார். "வைரஸா இருக்குமோ?" என்றார்.

"கூடத்துல இருக்கிற பழைய ஃபைல்தான் இங்க வந்து என்னோடதை அழிக்குது. அதைப் போய்ப் புதுசுன்னு ஏன் நினைக்குது?"

சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது. திரையின் மூலையைச் சொடுக்கினாள்.

"இங்க பாருங்க, இதுல போன மாசத் தேதி ஓடுது! அதான் நான் இப்ப எழுதினதைப் பழசுன்னு தூக்கிப் போடுது. யாரு மாத்தினது? உங்க பொண்ணா?"

"சத்தியமா நான் இல்லம்மா!" என்றாள் சத்தம் கேட்டு அறை வாசலில் வந்து நின்ற மகள்.

கணவர் தலையைச் சொறிந்தார். "நான்தான். ரெண்டையும் இணைக்கிற சாஃப்ட்வேரை இதுலதான் போட்டிருக்கேன், முப்பது நாள்தான் ஓசி. நேத்தோட முடிஞ்சிடுச்சு. தேதியைப் பின்னால தள்ளினா இன்னும் ஒரு மாசம் ஓடும்னு..."

"காசு குடுத்து வாங்கினேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!"

தேதியைச் சரிசெய்து, வயரைக் கழற்றி வீசிவிட்டு, நான்காவது முறையாகப் பத்தியை அடித்தாள். இந்த முறை அது அசையாமல் நின்றது. பென்டிரைவில் ஏற்றி முடிக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"போய்க் கதவைத் திறங்க," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதையாவது இன்னைக்குத் தேதியிலேயே செய்யுங்க!"