தேசம்மா சொல்லாதது

தேசம்மா படுத்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் மீன் கொடுக்கிற வீடுகளுக்கெல்லாம் லூர்துமேரி கூடை தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டாள்.

சாந்தோம் குப்பத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த குடிசை. ஒன்றாக மீன் எடுத்து, ஆளுக்கு நாலு தெரு என்று பிரித்துக்கொண்டு விற்றவர்கள்.

"நான் எப்ப சாவேன்னு காத்துக்கினு இருந்தாப்பல கீது," என்றாள் தேசம்மா, புருஷன் காஸ்பரிடம்.

லூர்துமேரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். அந்த நடையும் குரலும் கன்னத்துச் செழிப்பும் ஆறு மாதம் முன்புவரை தனக்கும் இருந்தவைதானே. இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. எல்லாம் அவள் கண் பட்டுத்தான் என்று தேசம்மா தீர்மானமாக நம்பினாள்.

இவளிடம் மீன் வாங்குகிற தர்மாஸ்பத்திரி டாக்டரம்மா நோரா இரண்டு மாதம் முன்பே இவளைப் பார்த்திருந்தார். உடம்பில் ரத்தமே இல்லையே, எந்த வழியிலாவது போகிறதா என்று துருவிக் கேட்டார். இல்லவே இல்லை என்றாள் தேசம்மா. மருந்து எழுதிக் கொடுத்தும் ஒன்றும் தேறவில்லை.

இப்போது அந்த டாக்டரம்மாவே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மலத்தை ஒரு டப்பியில் எடுத்துத் தரச் சொன்னார். தேசம்மா கூசிப் போனாள். காஸ்பர் அதட்டிய பிறகுதான் கொடுத்தாள்.

மறுநாள் நோய் தெரிந்துவிட்டது. குடலில் ரத்தம் கசிவதற்குப் புண், விஷக்காய்ச்சல் என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது முட்டை முட்டையாகத் தெரிந்ததாம். கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நடக்கையில் உள்ளே புகுந்து, சிறுகுடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது என்றார் டாக்டரம்மா.

மருந்து சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் எழுந்து நடமாடினாள்.

லஸ் பக்கம் வாடிக்கை வீட்டு ஃப்ளோராம்மா வழியில் பார்த்து, தேசம்மா வருகிற வரைக்கும்தான் நான் என்று லூர்துமேரி சொல்லித்தான் மீன் கொடுத்தாள் என்றார். தேசம்மா நம்பவில்லை. நல்லவள் வேஷம் போட அவளுக்குச் சொல்லித் தரவேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள்.

அதே எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா இவள் கண் இமையை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு கடிந்துகொண்டார்.

"மேல் குடல்ல கசியற ரத்தம் கீழே வர்றதுக்குள்ள கறுத்துப் போயிடும். தார் மாதிரி போவுதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நீ இவ்வளவு தூரம் படுத்திருக்க மாட்டே."

தேசம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கப்பட்டு, கட்டின புருஷனிடம்கூட அவள் சொல்லாத விஷயம் அது.

"ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"பேர் சொல்லக் கூடாதுன்னுதான் கேட்டுக்கிட்டா." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"கருக்கல்ல உன்கூடக் கடலோரம் ஒதுங்கறவளுக்குத் தெரியாதா? உனக்குப் பதிலா என் வீட்டுக்கு மீன் கொடுக்க வந்த முதல் நாளே, கூடையை இறக்கறதுக்கு முன்னாடி லூர்துமேரி சொன்னது அதைத்தான்."