பச்சைக்குப் பிறந்த மஞ்சள்

ரொம்மன் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் புளோறன்ஸுக்குத் தெரியாமல் போகாது. ஞானசீலன் கிளிக்குஞ்சுகளுக்குச் சாயம் பூசி விற்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னவளும் அவள்தான். அதை நிரூபித்தே தீருவதென்று ஈரத் துணியோடு அவன் வீட்டுக்குப் போனாள்.

"தாயும் பச்சை, தகப்பனும் பச்சை. குஞ்சு மட்டும் எப்பிடித் தம்பி மஞ்சள்? தாய்க்கிளியைக் கொஞ்சம் விசாரியும்."

ஞானசீலன் சிரித்தான். "தாயிலை பிழையில்லை அக்கா. தகப்பன்ரை தாய் மஞ்சள். அந்த நிறம் அவனுக்குள்ளை ஒளிஞ்சு கிடந்து மகளுக்கு வருது. இந்தச் சோடிக்கு மஞ்சள் குஞ்சு பிறந்தால் அது பெட்டைதான்."

புளோறன்ஸ் விடவில்லை. மஞ்சள் குஞ்சைப் பிடித்துத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. குஞ்சு விரலைக் கடித்துவிட்டுக் கூட்டுக்குள் ஓடியது.

"உம்மடை மூளை மூளைதான் தம்பி. மகள் முதல் நற்கருணை வாங்கிற புதுநன்மைக்குப் பரிசாக் குடுக்க அந்த மஞ்சளையே பிடிச்சுத் தாரும்."

ஞானசீலன் கூட்டுக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்து நீட்டினான். அது பச்சை.

"என்ன தம்பி, பகிடியோ?"

அவன் மனைவி வதனி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "குறை நினையாதேங்கோ அக்கா. இவருக்குப் பச்சையும் மஞ்சளும் ஒண்டாத்தான் தெரியும். ரெண்டாயிரத்து மூண்டிலை ட்ராம் ஓட்டுற வேலைக்குப் போய், கண் பரிசோதனையிலை திருப்பி அனுப்பிப்போட்டினம். இவரின்ரை தாயிட்டை ஒளிஞ்சு கிடந்த குறைதான் மகனுக்கு வந்ததெண்டு டாக்டர் சொன்னவர். அண்டைக்குத் தொடங்கினதுதான் அக்கா, இந்தக் கிளிப் படிப்பு."