வாலாம்பாளின் கைப்பக்குவம்

"உப்பைக் குறைச்சேளா?" பிரஷர் பார்த்த பட்டையை அவிழ்த்தபடி டாக்டர் வேங்கடசுப்ரமணியன் கேட்டார்.

"குறைச்சாச்சு, டாக்டர்." சுந்தரராமன் சட்டைக்குள் கைவிட்டு, பூணூலில் முடிந்திருந்த டிரங்குப்பெட்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பேஷ், பிரஷர் இறங்கியிருக்கு! உங்காத்து மாமியைத்தான் பாராட்டணும்."

"வாலாம்பாளையா? நன்னாச் சொன்னேள்!"

பம்பாய் மாதுங்காவில் அவர் குடியிருந்த ஒற்றை அறையில் புருஷனும் பெண்டாட்டியுமாக இருப்பது இரண்டே பேர், அவர்களுக்குள்ளும் பேச்சில்லை. யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது சுந்தரராமனுக்கு. கொட்டித் தீர்த்துவிட்டார்.

"அவ அம்மா போனப்போ ஆபீஸ்ல லீவு தரலை, பாலக்காட்டுக்கு அழைச்சுண்டு போகலை. அன்னிலேர்ந்து என்னோட ஒரு வார்த்தை கிடையாது, டாக்டர். கோபத்தையெல்லாம் சமையல்ல காட்டுவா. ரசத்தை வாயில வைக்க முடியாது, அத்தனை உப்பு!"

"ருசி பார்க்க மாட்டாளா?"

"நைவேத்யத்துக்கு முன்னாடி எச்சில் பண்ணுவாளோ? அப்புறம் அவ சாப்பிடறச்சே, அதுவும் போறாதுன்னு கல்லுப்பை அள்ளி வாயில போட்டுப்பா. என்னை வெறுப்பேத்தத்தான்!"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இளைச்சிருக்காளா? கறுத்திருக்காளா?"

"துரும்பா இளைச்சுட்டா. நல்ல சிவப்பு அவ. இப்போ உள்ளங்கை ரேகைகூடக் கறுப்பு."

"அது கோபமில்லை, வியாதி! மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. கிட்னி மேல இருக்கற அட்ரினலுக்கு அதுதான் உத்தரவு போடும். உப்பை உடம்புல பிடிச்சு வைக்கறது அட்ரினல். அது கெட்டுப்போனா உப்பெல்லாம் மூத்திரத்துல போயிடும். மேலேயிருந்து உத்தரவு மட்டும் வந்துண்டே இருக்கும், கேக்கத்தான் ஆள் இருக்காது. அந்த உத்தரவுதான் தோலைக் கறுக்க வைக்கறது."

"அப்போ... என்மேல கோபத்துல போடலையா?"

"இல்லவே இல்லை. உடம்பு கேக்கறது, கை போடறது. மருந்து இருக்கு, பிழைச்சுப்பா. இதுவரைக்கும் அந்தக் கல்லுப்புதான் அவளை உயிரோட வெச்சிருக்கு. உடனே அழைச்சுண்டு வாங்கோ. இப்போ எப்படி இருக்கா?"

"கார்த்தாலேர்ந்து எழுந்துக்கவே இல்லை. பிடிவாதம்னு நினைச்சு..."

அவர் கை தானாகப் பூணூல் சாவிக்குப் போயிற்று. போன வாரம் டிரங்குப்பெட்டிக்குள் வைத்து அவர் பூட்டிய உப்பு ஜாடியை, வாலாம்பாள் வாய் திறந்து கேட்கவே இல்லை.